சுவருக்குப் பின்னால் நின்ற குரல்

பெரியப்பாவின் தகரப் பெட்டிக்குள் பதினேழு இசைத்தட்டுகள் இருந்தன. அறுபதுகளிலே கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராய் இருந்தவர் அவர். இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் ஒலிபரப்பாகும் பொப் பாடல்களுள் மனத்துக்குப் பிடித்ததைக் குறித்து வைத்து, சம்பளநாளில் கோட்டைக்குச் சென்று தேடி வாங்குவது அவரது வழக்கம். ஊருக்கு மாற்றலாகி வந்தபோது அவருடன் கூடவே அந்தப் பெட்டியும் வந்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது பெட்டி வீட்டிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தோம். கதவுகளைக் காணவில்லை, பாட்டுப்பெட்டியைக் காணவில்லை, இசைத்தட்டுகள் மாத்திரம் கிடந்தன. பாட்டுப்பெட்டி இல்லாமல் அவற்றால் எவருக்கும் பயனில்லை என்பதனால் தப்பின போலும்.

எனக்கு அப்போது எட்டு வயது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், தட்டுகளின் நடுவே ஒட்டப்பட்டிருந்த வட்டத்தாள்களை எழுத்துக்கூட்டி வாசிப்பது என் பொழுதுபோக்கு. ‘லண்டன்’ என்ற முத்திரை பொறித்த ஒரு தட்டிலே ‘ஹீ இஸ் எ றெபெல்’ என்ற பாடலின் பெயரும், அதனருகே ‘த கிறிஸ்டல்ஸ்’ என்ற பெயரும் காணப்பட்டன.

“கிறிஸ்டல்ஸ் எண்டா ஆர் பெரியப்பா?”

“நியூயோர்க்கில இருக்கிற பெட்டையள். கறுப்பினப் பிள்ளையள். என்ன குரல் தெரியுமே!”

குரலைக் கேட்பதற்கு முன்னரே பெயரை நான் மனப்பாடம் செய்தது இவ்வாறுதான். அக்குரலைப் பல்கலைக்கழக விடுதியில், நண்பனொருவனின் கணினியிலே, முதன்முதலாகக் கேட்டேன். பெரியப்பா கூறியதிற் சற்றும் மிகையில்லை. ஆனால் மேலும் சில ஆண்டுகள் கழித்தே உண்மை தெரியவந்தது. அந்தத் தட்டிலே கிறிஸ்டல்ஸ் குழுவைச் சேர்ந்த எவருமே பாடவில்லை. வட்டத்தாளில் இருந்த பெயர் பொய். பெரியப்பா அப்பொய்யை நம்பியபடியே காலமாகிவிட்டார்.

அந்தப் பொய்யை அச்சிடுவித்த மனிதரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன். அவர் பெயர் பில் ஸ்பெக்டர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர். இருபதாம் நூற்றாண்டின் பொப் இசையை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர் என்பதில் ஐயமில்லை. அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்னைப் பற்றியும் ஓரிடத்திற் பேசவேண்டி வரும். அதனைக் கடைசியிற் கூறுகின்றேன்.

*

ஸ்பெக்டர் 1939ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியிலே பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். பின்னர் தாய் குடும்பத்துடன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் குடியேறினார். தந்தையின் கல்லறையிற் பொறிக்கப்பட்டிருந்த வாசகத்தை இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு மாற்றி, அதனைக் காதற் பாட்டாக்கி, பள்ளித் தோழர்களுடன் ‘டெடி பெயார்ஸ்’ என்ற பெயரில் 1958இல் ஒலிப்பதிவு செய்தார். அப்பாட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடத்தை அடைந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஒரு மகனின் துயரம் நாடெங்கும் நடனக் கூடங்களில் ஒலித்தது; அங்கே ஆடிய இளைஞருக்கு அது துயரமெனத் தெரியாது.

அக்காலத்து அமெரிக்க இசை வணிகத்தைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். நியூயோர்க்கின் பிறோட்வே வீதியில் ‘பிறில் கட்டடம்’ என்றொரு கட்டடமும், அதன் அயலிலே வேறொன்றும் இருந்தன. அங்கே சிறிய அறைகளில், ஒரு பியானோவும் ஒரு மேசையுமாக, இளம் பாடலாசிரியர்கள் அலுவலக நேரப்படி இருந்து பாட்டு எழுதினர். ஜெரி கொஃபின், கரோல் கிங், எலி கிறீன்விச், ஜெஃப் பரி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். எழுதப்பட்ட பாட்டுக்குப் பாடுவோர் தேவை. அந்த இடத்துக்குத்தான் பதினாறு பதினேழு வயதுச் சிறுமியர், அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், மூவராகவும் நால்வராகவும் வந்து சேர்ந்தனர். நியூ ஜேர்சியைச் சேர்ந்த ‘ஷிறெல்ஸ்’ என்ற நால்வர் குழு, கொஃபினும் கிங்கும் எழுதிய ஒரு பாட்டைப் பாடி, 1961 ஜனவரியில் விற்பனை வரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழுவொன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதற்றடவை. ஓர் இளம்பெண் தன் காதலைப் பற்றித் தன் ஐயத்தைத் தானே வாய்விட்டுக் கேட்கும் பாட்டு அது. கறுப்பினச் சிறுமி ஒருத்தியை வெள்ளையர் பள்ளியில் அனுமதிப்பதற்கே கூட்டரசுக் காவலர் துணைக்கு வரவேண்டியிருந்த காலம் என்பதை நினைவிற் கொண்டால், அச்சிறுமியரின் குரல் வெள்ளையர் வீட்டு வானொலிகளிலிருந்து எழுந்தமையின் பொருள் விளங்கும்.

இவ்வேளையிலே ஸ்பெக்டர் களத்தில் இறங்கினார். 1961இல் லெஸ்டர் சில் என்பவருடன் கூட்டுச்சேர்ந்து ‘ஃபிலீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இருவரின் முதற்பெயர்களும் இணைந்த பெயர் அது. அடுத்த ஆண்டே கூட்டாளி விலக்கப்பட்டார். பெயரில் அவர் பாதி மட்டும் எஞ்சியது. நிறுவனத்தின் முதற் குழு நியூயோர்க் புறூக்ளினைச் சேர்ந்த கிறிஸ்டல்ஸ்.

*

ஸ்பெக்டரின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவோர் அவருடைய தீமையையும் சரியாக அளவிட மாட்டார். ஆகவே அத்திறமை யாது என்பதை முதலிற் கூறவேண்டும்.

ஹொலிவுட்டில் ‘கோல்ட் ஸ்டார்’ என்றொரு ஒலிப்பதிவுக் கூடம் 1950 முதல் 1984 வரை இருந்தது. அதன் பிரதான கூடம் பெரியதன்று. அதற்குள் ஸ்பெக்டர் இருபது பேருக்கு மேற்பட்ட வாத்தியக்காரரை நெருக்கி இருத்துவார். ஒரு கித்தார் போதுமான இடத்தில் மூன்று நான்கு கித்தார்கள். ஒரு பியானோவுக்குப் பதிலாக இரண்டு மூன்று. அனைத்தும் ஒரே சுரங்களையே வாசிக்கவேண்டும். தனித்தனியே எந்தக் கருவியும் செவிக்குப் புலப்படக்கூடாது. வாத்தியங்களின் பகுதிகளை எழுதி அமைத்தவர் ஜக் நிற்ஷே. ஒலிப்பொறியாளர் லறி லெவின். மணிக்கணக்காகப் பயிற்சி நடக்கும். வாத்தியக்காரர் களைத்து, தம் தனித்தன்மை கரைந்து, ஒருவரோடொருவர் கலந்து ஒலிக்கும் நிலையிலேதான் பதிவுநாடா ஓடத் தொடங்கும். அவ்வாறு திரண்ட ஒலியைக் கட்டடத்திலிருந்த எதிரொலி அறைக்குள் ஒலிபெருக்கிவழி செலுத்துவர். சுவர்கள் முழுவதும் சீமெந்து பூசப்பட்ட வெற்றறை அது. அங்கே மோதித் திரும்பும் ஒலியை ஓர் ஒலிவாங்கி மீண்டும் ஏந்திவரும். இவ்வாறு கிடைத்ததே ‘ஒலிச்சுவர்’ எனப் பெயர்பெற்ற ஓசை.

இதன் பிறப்பைப் பற்றி லெவின் சொல்லும் கதையொன்று உண்டு. 1962இல் ஒரு பாட்டின் ஒத்திகை. ஒலிமானிகள் எல்லை மீறித் துடித்தன. வேறு வழியின்றி அவர் எல்லா ஒலிவாங்கிகளையும் ஒருங்கே நிறுத்திவிட்டார். ஸ்பெக்டர் சினந்தார். பின் லெவின் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். முன்னணிக் கித்தாருக்குரிய கடைசி ஒலிவாங்கியைத் திறப்பதற்கு முன்னர் ஸ்பெக்டர் எழுந்து, இதுதான் வேண்டும், இப்படியே பதிவு செய் என்றார். அக்கித்தாரின் ஓசை மற்றவர்களின் ஒலிவாங்கிகள் வழியே தூரத்திலிருந்து வருவதுபோல மங்கலாகப் பதிவாயிற்று. தற்செயலாக நேர்ந்ததைத் தற்செயலென்று தள்ளிவிடாமல் கைப்பற்றிக்கொள்ளும் செவி அவருக்கு இருந்தது.

மலிவான கார் வானொலியிலும், தேநீர்க் கடைகளின் காசுபோடும் பாட்டுப்பெட்டியிலும் எப்படி ஒலிக்கும் என்பதை எண்ணியே அவர் இசையமைத்தார். இரு வழிகளில் ஒலி பிரிந்துவரும் ஸ்டீரியோ முறை வந்த பின்னரும் ஒருவழி ஒலியையே விடாது பற்றிநின்றார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மலிவுப் பெட்டிக்குள் வாக்னரின் பேரிசைக்குரிய முழக்கத்தை இறக்கிவைக்க எண்ணியவர் அவர். ‘பொப் பாட்டு இரண்டு வாரத்துக்குரிய சரக்கு’ என்று ஏனையோர் கருதிய காலத்தில், அது கலையாகலாம் என நம்பினார். 1963இல் வெளியான ‘பீ மை பேபி’யின் தொடக்கத்தில் ஹல் பிளெய்ன் என்பவர் முழக்கும் பறை, மூன்று தட்டும் ஓர் அறையுமாக வருவது, அதன்பின் எத்தனை பாட்டுக்களுக்குத் தலைவாசலாயிற்று என்பதை எண்ணி முடியாது. ‘பீச் போய்ஸ்’ குழுவின் பிறயன் வில்சன் அதனைக் கார் வானொலியிற் கேட்டு வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டார் என்பர். புறூஸ் ஸ்பிறிங்ஸ்டீன் 1975இல் வெளியிட்ட ‘போர்ன் டு றன்’ அந்தச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த கற்களாற் கட்டப்பட்டது. தயாரிப்பாளரும் ஒரு படைப்பாளியே என்ற எண்ணம் மேற்கில் வேரூன்றியதற்கு ஸ்பெக்டர் ஒரு முக்கிய காரணம்.

*

இனி அந்த வட்டத்தாளின் கதைக்கு வருவோம்.

1962இல் ஜீன் பிற்னி எழுதிய ‘ஹீ இஸ் எ றெபெல்’ என்ற பாட்டு ஸ்பெக்டரின் காதுக்கு எட்டியது. வேறொரு நிறுவனமும் அதனை ஒலிப்பதிவு செய்ய முனைந்திருந்தது. முந்திக்கொள்ளவேண்டும், ஆனால் கிறிஸ்டல்ஸ் குழுவினர் நாட்டின் மறுகரையில், நியூயோர்க்கில் இருந்தனர். ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களிற் பின்னணிக் குரல் கொடுத்துவந்த ‘புளொசம்ஸ்’ என்ற குழுவை அழைத்தார். அதன் முதன்மைக் குரலுக்குரியவர் ஒரு பெந்தகோஸ்தே போதகரின் மகளான டார்லின் றைற். கூலி பேசி, அது கொடுக்கப்பட்டது. அவர் பாடினார். தட்டிலே ‘கிறிஸ்டல்ஸ்’ என்று அச்சாயிற்று. அப்பெயரைத் தாம் விரும்பியவாறு பயன்படுத்தும் அதிகாரம் தயாரிப்பாளரின் கையில் இருந்தது. 1962 நவம்பரில் பாட்டு முதலிடத்தை அடைந்தது. பாடாத பாட்டுக்கு உரியவராகிவிட்ட கிறிஸ்டல்ஸ் பெண்கள், பின்னர் அதனைக் கற்று மேடைகளிற் பாடவேண்டியவர்களாயினர். இந்தப் பொய்யினால் ஒரு குழு தன் குரலை இழந்தது. மற்றது தன் பெயரை இழந்தது. ஒரே கையெழுத்தில் இரண்டு திருட்டு.

அதன்பின் டார்லினுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ‘லவ்’ என்ற புதுப்பெயரையும் ஸ்பெக்டரே சூட்டினார். அடுத்த பாட்டு தம் பெயரிலே வரும் என அவர் காத்திருந்தார். ‘ஹீ இஸ் ஷுவர் த போய் ஐ லவ்’ என்ற அப்பாட்டை வானொலியிற் கேட்டபோது, அறிவிப்பாளர் அதனைக் கிறிஸ்டல்ஸின் புதிய பாட்டு என்றார். இதனை அவரே பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கின்றார்.

தமிழ் படித்தவனாகிய எனக்கு இந்த இடத்தில் நம் தொகைநூல்கள் நினைவுக்கு வருகின்றன. பாட்டு நின்று பெயர் மறைந்த புலவர்களுக்கு, அவர்தம் பாட்டின் சொற்களையே எடுத்துப் பெயராக்கினர் அவற்றைத் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார் என்ற பெயர் அவ்வாறு வந்ததே. பெயர் தெரியாத இடத்திலும் பாடியவனுக்கு ஓரிடம் ஒதுக்கவேண்டுமென்ற நாணயம் அது. பெயர் தெரிந்திருந்தும், பாடியவள் கண்ணெதிரே நின்றிருந்தும், அதனை அழித்து வேறொன்றை எழுதுவதை எப்பெயரால் அழைப்பது?

1963இல் ஸ்பெக்டர் நத்தார்ப் பாடல்களைக் கொண்ட இசைத்தட்டொன்றைத் தயாரித்தார். அதிலே டார்லின் லவ் தம் சொந்தப் பெயரில் ஒரு பாட்டைப் பாடினார். தட்டு வெளியான நாள் நவம்பர் 22. அன்றுதான் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துக்கத்தில் ஆழ்ந்த நாட்டில் நத்தார்ப் பாட்டை வாங்க எவர் இருந்தனர்? காலம் சென்றது. எண்பதுகளிலே வறுமைப்பட்ட டார்லின் லவ் செல்வர் வீடுகளைத் துப்புரவாக்கும் வேலைக்குப் போனார். ஒருநாள் பெவர்லி ஹில்ஸில் ஒரு வீட்டின் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்கையில், வானொலியில் அந்த நத்தார்ப் பாட்டு ஒலித்தது. தம் குரலே தம்மை மீண்டும் பாட அழைத்ததாக அவர் கூறுவார். அவர் மேடைக்குத் திரும்பினார். வழக்காடி ஒரு தொகையையும் பெற்றார். 2011இல் றொக் இசைப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். ஸ்பெக்டர் அங்கு 1989லேயே சேர்க்கப்பட்டிருந்தார். இடைவெளி இருபத்திரண்டு ஆண்டுகள்.

*

‘பீ மை பேபி’யைப் பாடியவர் கதை வேறுவகைப்பட்டது. அங்கே பெயர் மறைக்கப்படவில்லை, ஆள் மறைக்கப்பட்டார்.

வெறோனிக்கா பெனற், அவர் சகோதரி எஸ்ரெல், ஒன்றுவிட்ட சகோதரி நெட்றா மூவரும் சேர்ந்தது ‘றொனெற்ஸ்’ குழு. 1963இல் ஃபிலீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். மூவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 15,000 டொலர் முற்பணம் கிடைத்தது. அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட பாடல்கள் பதிவாகின. ‘பீ மை பேபி’ விற்பனை வரிசையில் இரண்டாமிடம் வரை சென்றது. உரிமைப்பணமாக ஒரு சதமும் அவர்களைச் சேரவில்லை. 1967இற் குழு கலைந்தது. இருபதாண்டுகள் கழித்து, அப்பாட்டு ‘டேர்ட்டி டான்சிங்’ என்ற திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்து, புதிய தலைமுறையையும் ஆடவைத்த வேளையில், மூவரும் நீதிமன்றம் சென்றனர். வழக்கு பதினைந்தாண்டு இழுபட்டது. கீழ்நீதிமன்றம் பெருந்தொகை வழங்கத் தீர்ப்பளித்தது. 2002இல் நியூயோர்க்கின் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் முக்கிய பகுதியை மாற்றியது. ஒலிப்பதிவுகளின் முழு உரிமையையும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்தவர்கள், எதையேனும் தமக்கென ஒதுக்கிவைத்திருந்தால் அதனை ஒப்பந்தத்திற் குறிப்பிட்டிருக்கவேண்டும். குறிப்பிடாமையால் திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாட்டைக் கொடுக்கும் உரிமை அவருடையதே என்றது மன்று. தட்டு விற்பனையின் உரிமைப்பணம் மாத்திரம் பாடகியருக்கு எஞ்சியது. அவர்களின் நிலை அனுதாபத்துக்குரியதாயினும் அதனைக் கொண்டு வழக்கைத் தீர்க்க இயலாது என்றும் நீதிபதிகள் கூறினர்.

சட்டத்தின் கண்ணில் இது சரியாய் இருக்கலாம். 1963இல் வெறோனிக்காவுக்கு வயது பத்தொன்பது. வருங்காலத்தில் எழப்போகும் ஒலிநாடாக்களையும் திரைப்பட ஒப்பந்தங்களையும் அறிந்து, உரிமையை ஒதுக்கி எழுதத்தக்க வழக்கறிஞர் அப்பெண்களின் பக்கத்தில் இருந்தாரா என்பதை ஒப்பந்தத்தின் வாசகம் சொல்லாது. உழைப்பை விற்போனும் அதனை வாங்குவோனும் சமநிலையில் நின்று கையொப்பமிடுவதாக ஒரு பாவனை; அந்தப் பாவனையின்மேல் எழுந்து நிற்பவை ஆலைகளும் தோட்டங்களும் மட்டுமல்ல, காதற் பாட்டுக்களும்தாம்.

1968இல் ஸ்பெக்டர் வெறோனிக்காவை மணந்தார். பின்னர் நடந்தவற்றை அவர் 1990இல் வெளியான தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். மாளிகையினுள் அடைக்கப்பட்டதும், பாடுவது நின்றதும், கொலைமிரட்டலும் அதிற் கூறப்படுகின்றன. 1972இல் தாயின் துணையோடு வெறுங்காலுடன் அவ்வீட்டைவிட்டு வெளியேறினார்.

இதற்கு முன்னோட்டம்போல 1962லேயே ஒரு பாட்டு வந்திருந்தது. காதலன் அடித்த அடியை முத்தமாகக் கொள்ளும் ஒரு பெண்ணின் கூற்று அது. தம் குழந்தையைப் பராமரித்த பெண் சொன்ன ஒரு செய்தியைக் கேட்டுத் திடுக்குற்று, கொஃபினும் கிங்கும் எழுதியது. ஸ்பெக்டர் அதனைக் கிறிஸ்டல்ஸைக் கொண்டு பாடுவித்தார். கேட்டோர் எதிர்த்தனர், தட்டு மீளப் பெறப்பட்டது. அதனை எழுதியதற்காகக் கரோல் கிங் பின்னாளில் வருந்தினார்.

2003 பெப்ரவரி 3ஆம் திகதி ஸ்பெக்டரின் மாளிகையில் லானா கிளார்க்சன் என்ற நடிகை சுட்டுக் கொல்லப்பட்டார். 2009இல் ஸ்பெக்டர் கொலைக்குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, குறைந்தது 19 ஆண்டுகள் முதல் ஆயுள்வரையான சிறைத்தண்டனை பெற்றார். 2021 ஜனவரி 16ஆம் திகதி, கைதியாகவே, 81ஆவது வயதில் இறந்தார். அச்செய்தியை வெளியிட்ட பீ.பீ.சி. நிறுவனம், தலைப்பிலே அவர் திறமையையும் ‘குறைகளையும்’ சொல்லிக் கொலையைச் சொல்லாது விட்டது. கண்டனம் எழவே மன்னிப்புக் கோரியது. மறு ஆண்டு, 2022 ஜனவரி 12ஆம் திகதி, வெறோனிக்கா 78ஆவது வயதிற் காலமானார்.

*

இவற்றை ஓய்வறையிற் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் சங்கீத ஆசிரியர் கூறினார்: “தம்பி, கலை வேற, ஆள் வேற. பாட்டுக்குப் பாவம் தெரியாது.” அருகிலிருந்த விஞ்ஞான ஆசிரியை சீறினார்: “அப்ப அந்தத் தட்டைத் தூக்கி அடுப்புக்குள்ள போடுங்கோ.”

இரு கூற்றுக்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. கலை வேறு ஆள் வேறு என்போர், எந்த ஆளைக் குறிக்கின்றனர்? பாட்டிலிருந்து ஸ்பெக்டரைப் பிரித்துவிடலாம் என்றால், அதே பிரிப்பினால்தானே டார்லின் லவ்வும் பிரிக்கப்பட்டார்? தட்டை எரிக்கவேண்டும் என்போரோ, எரிவது அவருடைய குரலுமாகும் என்பதை மறந்துவிடுகின்றனர். கொலைகாரனைத் தண்டிப்பதற்காக அவன் சுரண்டியவளின் உழைப்பையும் சேர்த்துக் கொளுத்துவது நீதியாகாது.

‘ஒலிச்சுவர்’ என்ற பெயரிலேயே ஒரு செய்தி அடங்கியிருக்கின்றது. சுவரைப் பார்ப்போர் அதைக் கட்டுவித்தவர் பெயரைக் கேட்பர். கல் சுமந்தவரைக் கேளார். பிளெய்னின் கை, நிற்ஷேயின் எழுத்து, லெவினின் செவி, கித்தார்க்காரரின் களைப்பு, டார்லினதும் வெறோனிக்காவினதும் குரல் யாவும் திரண்டு எழுந்த ஒன்றுக்கு ஒரு தனிமனிதனின் பெயர் நிலைத்தது. அவர் இல்லாமல் அது எழுந்திராது என்பது உண்மை. அவர் மட்டுமே இருந்திருந்தால் எழுந்திருப்பது சீமெந்து பூசிய ஒரு வெற்றறையே என்பதும் உண்மை.

*

இதுவரை எழுதியதை எளிதாக எழுதிவிட்டேன். தூரதேசத்துக் குற்றவாளியைப் பற்றி எழுதுவதில் வருத்தமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலை விழாவில் நான் எழுதி நெறிப்படுத்திய நாட்டிய நாடகம் ஒன்று மேடையேறியது. பன்னிரண்டு மாணவியர் ஆடினர். ஒன்பது பாட்டுக்கள். ஒன்பதையும் பாடியவள் பதினோராம் தரத்து மாணவி ஒருத்தி. கடற்றொழிலாளி ஒருவரின் மகள். பக்கத்திரைக்கு அப்பால், ஒரு வாங்கில் இருந்து, ஒலிவாங்கியைப் பிடித்தபடி ஒன்றரை மணிநேரம் பாடினாள். சபையிலிருந்த எவரும் அவள் முகத்தைக் காணவில்லை. பாராட்டு எனக்குக் குவிந்தது. ‘நல்ல நெறியாள்கை’ என்றனர்.

விழா மலரிலே என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. ஆடியவர்களின் படம் இருந்தது. ஒப்பனை செய்தவர், ஒளி அமைத்தவர், கதிரை தந்து உதவியவர் பெயர்கள் இருந்தன. பாடியவள் பெயர் இல்லை.

மூன்று நாட்களின் பின் அவள் வந்து நின்றாள். “சேர், மலரில என்ர பேரைத் தேடினனான். அம்மாவும் தேடினவ.”

“அச்சுப்பிழை பிள்ளை. அடுத்தமுறை போடுவம்” என்றேன்.

அது அச்சுப்பிழையன்று. அந்த மலரின் அச்சுப்படியை மும்முறை பார்த்தவன் நான். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாதிருந்த பதினோரு பிழைகளைச் சிவப்பு மையாற் திருத்தியவன். ஒரு மெய்யெழுத்து விடுபட்டதைக் கண்ட கண்ணுக்கு, ஒரு பிள்ளை விடுபட்டது தெரியவில்லை. யாரும் என்னைப் பொய்யெழுதச் சொல்லவில்லை. எனக்கு எந்த ஒப்பந்தமும் இலாபமும் இல்லை. என் நாடகம் என்று நான் நினைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த ‘என்’ என்ற சொல்லிலிருந்தே எல்லாம் தொடங்குகின்றன.

அவளுக்கு அடுத்தமுறை வரவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி ஆடைத் தொழிற்சாலையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

கடந்த விடுமுறையிலே பெரியப்பாவின் தட்டுக்களைத் தூசு தட்டினேன். ‘ஹீ இஸ் எ றெபெல்’ தட்டின் உறையில் ‘பாடியவர்: டார்லின் லவ்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். ஒட்டிமுடித்தபோது, கடல் கடந்த ஒருத்திக்குச் செய்ததை நாலு மைல் தூரத்திலிருப்பவளுக்குச் செய்யவில்லையே என்ற நினைவு குத்தியது. என்னிடமிருந்த மலரின் பிரதியொன்றில், நாடகப் பக்கத்திலே, என் பெயருக்கு மேல் அவள் பெயரைப் பேனையால் எழுதி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

தாய் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். மலரை வாங்கி, கையைச் சேலையிலே துடைத்துவிட்டு, எழுத்தை விரலாற் தடவிப் பார்த்தார்.

“இது பேனையால எழுதினதெல்லே, சேர். மற்றதெல்லாம் அச்சு.”

“ஓம்” என்றேன்.

அடுத்த மலரில், பழைய பிழைக்குத் திருத்தமாக, அவள் பெயர் அச்சில் வரவேண்டுமென்று அதிபரிடம் கேட்டிருக்கின்றேன். அவர் சம்மதித்துள்ளார். இக்கட்டுரையிலும் அப்பெயரை எழுதவே விரும்பினேன். தொலைபேசியில் அவளிடம் அனுமதி கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னாள்:

“வேண்டாம் சேர். பேர் இல்லாமப் போன கதையில என்ர பேரைப் போடாதேங்கோ. பாட்டோட போடுங்கோ.”